கார்னெட் பெல்லட் 78 சதவீத அடர்த்தியிலேயே நிற்கிறது, டோப்பன்ட்டை மாற்றலாமா?

அதியமான்கோட்டை:

வணக்கம். தர்மபுரியில் ஒரு கல்லூரியில் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது இரண்டாவது வருடம். திட நிலை லித்தியம் பேட்டரியில் திரவத்துக்குப் பதிலாக வைக்கிற செராமிக் எலெக்ட்ரோலைட்தான் என் வேலை. எல்.எல்.இசட்.ஓ. (லித்தியம், லாந்தனம், சிர்கோனியம், ஆக்சிஜன் சேர்ந்தது) என்கிற கார்னெட் படிகம், அதிலும் டோப்பன்ட்டாக, அதாவது கடத்துதிறனுக்காகக் கொஞ்சம் சேர்க்கிற தனிமமாக, டான்டலம் கலந்தது. லித்தியம் 6.4, லாந்தனம் 3, சிர்கோனியம் 1.4, டான்டலம் 0.6, ஆக்சிஜன் 12 என்ற கணக்கு. எட்டு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

செய்முறை இது. லித்தியம் கார்பனேட், லாந்தனம் ஆக்சைடு, சிர்கோனியா, டான்டலம் ஆக்சைடு நான்கையும் எடை போட்டு (லித்தியம் மட்டும் 10 சதவீதம் கூடுதல்), ஐசோபுரப்பனாலில் 8 மணி நேரம் பால் மில் (உருண்டைகளோடு ஜாடியில் சுழற்றி அரைப்பது), காயவைத்து 900 டிகிரியில் 12 மணி நேரம், பிறகு அகேட் உரலில் கையால் அரைத்து, 12 மி.மீ. டையில் 3 டன் அழுத்தத்தில் பெல்லட் போட்டு, அலுமினா குருசிபிளில் (மூசை) மூடி வைத்து 1150 டிகிரியில் 6 மணி நேரம். வெளியே வருகிற பெல்லட் பத்தில் மூன்றில் விரிசல் இருக்கிறது, மீதியின் அடர்த்தி, ஓட்டையே இல்லாத கார்னெட்டின் அடர்த்தியில் 78 சதவீதத்தைத் தாண்டவில்லை, ஓரத்தை நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்கிறது. எக்ஸ்.ஆர்.டி.யில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் சோதனை) நன்றாகக் கடத்துகிற கியூபிக் கார்னெட் வருகிறது, ஆனால் 28.6 டிகிரியில் ஒரு கூடுதல் பீக் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்க்கிறது. வெள்ளி பேஸ்ட் தடவி இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்தில் மின்தடை) எடுத்தால் 11 மி.மீ. விட்டம், 1.2 மி.மீ. தடிமன் உள்ள பெல்லட்டுக்கு 42 கிலோ ஓம். கணக்குப் போட்டால் கடத்துதிறன் ஒரு செ.மீ.க்கு 3 × 10⁻⁶ சீமென்ஸ். இதே கலவைக்கு ஆய்வுக் கட்டுரைகளில் 10⁻³ வரை பார்க்கிறேன், முந்நூறு மடங்கு வித்தியாசம்.

டான்டலத்தை விட்டுவிட்டு காலியம் போட்டுப் பார்க்கலாம் என்று துறையில் சொல்கிறார்கள். காலியம் விலை அதிகம், மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். அப்படி மாற்றினால் பலன் இருக்குமா? இல்லை நான் வேறு எங்கேயோ தவறுகிறேனா? எங்கள் லேபில் கிளவ் பாக்ஸ் (காற்றும் ஈரமும் புகாத, ஆர்கான் நிரப்பிய பெட்டி) இல்லை, ஹாட் பிரஸ் (சுடும்போதே அழுத்துகிற கருவி) இல்லை, 1200 டிகிரி போகிற ஒரு மஃபிள் ஃபர்னஸ்தான் இருக்கிறது.

பாலக்கோடு_காரைக்குடி:

பாலக்கோடு என் ஊர், காரைக்குடியில் இருந்து எழுதுகிறேன், கார்னெட்டில் ஆறு வருடம் வேலை செய்திருக்கிறேன். காலியத்துக்குப் போகாதீர்கள். உங்கள் கலவை நல்ல கலவை. அது சரியாக வெந்து வரவில்லை, அல்லது நீங்கள் நினைத்த கலவை குருசிபிளுக்குள் போகவே இல்லை. இந்த இரண்டில் ஒன்று. எனக்கு இரண்டாவதின் மேல்தான் சந்தேகம் அதிகம், ஏன் என்று சொல்கிறேன்.

அந்த 28.6 பீக் லாந்தனம் சிர்கோனேட், பைரோகுளோர் என்கிற வேறு படிகம். கார்னெட்டில் லாந்தனமும் சிர்கோனியமும் 3-க்கு 2 என்ற விகிதம் (உங்களுக்கு சிர்கோனியமும் டான்டலமும் சேர்ந்து 2). பைரோகுளோரில் 2-க்கு 2. அது உருவாக இரண்டு வழி இருக்கிறது. சூட்டில் லித்தியம் ஆவியாகிப் போய் கார்னெட் உடைந்தால் பைரோகுளோரோடு மிச்ச லாந்தனம் ஆக்சைடும் பக்கத்திலேயே கிடக்க வேண்டும், ஏனென்றால் மூன்று லாந்தனத்தில் இரண்டுதான் பைரோகுளோருக்குள் போகும். அப்படியில்லாமல் தொடக்கத்திலேயே லாந்தனம் குறைவாக இருந்தால், வெறும் பைரோகுளோர் மட்டும் வரும், கூடவே லித்தியம் சிர்கோனேட் கொஞ்சம் இருக்கலாம். உங்கள் எக்ஸ்.ஆர்.டி.யில் லாந்தனம் ஆக்சைடோ ஹைட்ராக்சைடோ தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரியவில்லை என்றால் உங்கள் தராசுதான் குற்றவாளி, ஃபர்னஸ் இல்லை.

தராசு என்றால் தராசு பழுது என்று சொல்லவில்லை. லாந்தனம் ஆக்சைடு மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து ஹைட்ராக்சைடாக மாறிக்கொண்டே இருக்கும், பார்வைக்கு அதே வெள்ளைத் தூள்தான். முழுக்க மாறிப்போன தூளில் 100 கிராம் எடுத்தால் அதில் ஆக்சைடு 86 கிராம்தான் இருக்கும், மீதி தண்ணீர். நீங்கள் 3 என்று நினைத்துப் போட்டது 2.6 ஆகியிருக்கும். பாட்டில் திறந்து எத்தனை மாதம் ஆகிறது? லேபலில் 99.9 என்று போட்டிருப்பது அது ஆலையில் இருந்து கிளம்பிய நாளின் சுத்தம். எடை போடுவதற்கு முந்தின நாள் 900 டிகிரியில் 10 மணி நேரம் சுட்டு, 200-க்கு இறங்கியதும் நேராக டெசிகேட்டருக்குள் (ஈரம் புகாத ஜாடி) வைத்து, ஆறியவுடன் எடை போடுங்கள். எவ்வளவு எடை குறைந்தது என்பதையும் நோட்டில் எழுதுங்கள், அந்த ஒரு எண் உங்கள் எட்டு மாதத்துக்கும் பதில் சொல்லும்.

அடுத்து குருசிபிள். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இந்த எல்.எல்.இசட்.ஓ.வை 2007-இல் வெளியிட்டவர்கள் ராமசாமி முருகன், வெங்கடராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர் மூன்று பேர். அதில் இருவர் நம் ஆட்கள், முருகன் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பெருமை வரும். அவர்கள் அளந்தது அறை வெப்பத்தில் 3 × 10⁻⁴ அளவு. பிறகு வேறு சிலர் செய்தபோது சில நேரம் நல்ல கியூபிக் வந்தது, சில நேரம் நூறு மடங்கு மோசமாகக் கடத்துகிற டெட்ராகோனல் அமைப்பு வந்தது. எதையும் கலக்காத எல்.எல்.இசட்.ஓ. அறை வெப்பத்தில் டெட்ராகோனலாகத்தான் அடங்கும், அதைக் கியூபிக்காகப் பிடித்து வைத்தது அலுமினா குருசிபிளில் இருந்து சூட்டில் கசிந்த அலுமினியம் என்பது 2011-ஐ ஒட்டித்தான் தெளிவானது. ஒரு அலுமினியம் மூன்று லித்தியத்தின் வேலையை எடுத்துக்கொள்ளும், இரண்டு இடம் காலியாகும், காலி இடம் இருந்தால்தான் மற்ற லித்தியம் நகர முடியும். ஏழு லித்தியமும் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் யாரும் நகர மாட்டார்கள்.

உங்களுக்கு டான்டலமே அந்த வேலையைச் செய்துவிட்டது, 7 என்பது 6.4 ஆகிவிட்டது. இதற்கு மேல் குருசிபிளில் இருந்து வருகிற அலுமினியம் அளவு தெரியாத விருந்தாளி. கொஞ்சம் வந்தால் பெல்லட் வெந்து வர உதவும், அதிகம் வந்தால் மணிகளுக்கு (பெல்லட்டுக்குள் இருக்கிற நுண்படிகங்கள்) நடுவே லித்தியம் அலுமினேட்டாகப் போய் உட்கார்ந்துகொண்டு பாதையை அடைக்கும், ஒவ்வொரு பேட்ச்சும் ஒவ்வொரு மாதிரி வரும். மெக்னீசியா குருசிபிள் வாங்கச் சொல்லுங்கள். வாங்க முடியாவிட்டால் அலுமினாவுக்குள் அதே கார்னெட் தூளைப் பரப்பி அதன் மேல் பெல்லட், அதன் மேல் மறுபடி தூள். பெல்லட் எங்கேயும் குருசிபிளைத் தொடக் கூடாது. அந்தத் தூள் லித்தியம் ஆவியையும் கொடுக்கும், பெல்லட்டில் இருந்து போவது குறையும்.

அப்புறம் கையால் அரைத்தது. 900-இல் சுட்ட தூளைத் திரும்பவும் பால் மில்லில் போட வேண்டும், உரலில் எவ்வளவு நேரம் அரைத்தாலும் கட்டிகள் மிஞ்சும், அந்தக் கட்டிகளுக்கு நடுவே இருக்கிற ஓட்டைதான் உங்கள் 22 சதவீதம். சிர்கோனியா உருண்டை, ஐசோபுரப்பனால், 12 மணி நேரம். தண்ணீரில் அரைக்கவே கூடாது, தண்ணீரில் போட்டால் லித்தியம் வெளியே வந்து ஹைட்ரஜன் உள்ளே போய் உட்காரும். ஜாடியைக் கழுவவும் நம் ஊர் போர் தண்ணீர் வேண்டாம், அதில் இருக்கிற கால்சியமும் ஃபுளோரைடும் நமக்குத் தெரிந்ததுதான், கடைசி இரண்டு அலசல் டிஸ்டில்டு வாட்டரில்.

சூளை_சூளகிரி:

அம்மா, நான் வேதியியல் படித்தவன் இல்லை. முப்பது வருடம் இன்சுலேட்டர், ரிஃப்ராக்டரி செங்கல் சுடுகிற ஆலைகளில் ஃபர்னஸ் பார்த்தவன், இப்போது சூளகிரியில் ஓய்வாக இருக்கிறேன். தம்பி சொன்னது மருந்து. நான் அடுப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் ஃபர்னஸ் 1150 என்று காட்டுகிறது. அது தெர்மோகப்பிள் இருக்கிற இடத்தின் சூடு. தெர்மோகப்பிள் பின்சுவரில் இருக்கும், உங்கள் பெல்லட் நடுவில் மூடிய குருசிபிளுக்குள் தூளில் புதைந்து இருக்கும். பழைய ஃபர்னஸ் என்றால் 30, 40 டிகிரி வித்தியாசம் சாதாரணம். கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. தெரிந்த பத்தரிடம் கடுகு அளவு சுத்தத் தங்கம் கேளுங்கள், 22 கேரட் வேண்டாம், கலப்பில்லாதது. அதை ஒரு அலுமினா துண்டின் மேல் வைத்து, பெல்லட் இருக்கிற அதே இடத்தில் வையுங்கள். தங்கம் 1064 டிகிரியில் உருகும். டிஸ்ப்ளேயை 1050-இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் 10 டிகிரி கூட்டி அரை மணி நிறுத்தி, ஆறவிட்டுப் பாருங்கள். தங்கம் உருகி உருண்டையாக மாறிய எண்ணுக்கும் 1064-க்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் ஃபர்னஸின் பிழை. தங்கம் எங்கும் போகாது, திருப்பிக் கொடுத்துவிடலாம்.

விரிசலுக்கு வருகிறேன். அழுத்தும்போது பாலிவினைல் ஆல்கஹால் மாதிரி ஏதாவது பைண்டர் போடுகிறீர்களா என்று சொல்லவில்லை. போட்டால் 600 டிகிரி வரை நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள், பைண்டர் புகையாகப் போகிற வேளையில் அவசரப்பட்டால் உள்ளே இருந்து பிளக்கும். போடாவிட்டால் டையில் இருந்து பெல்லட்டை வெளியே தள்ளும்போதே விழுந்த முடி அளவு விரிசல் சூட்டில் வாய் பிளக்கிறது. அதற்கு அழுத்தத்தை ஏற்றி ஒரு நிமிடம் பிடித்து, பிறகு மெதுவாக இறக்க வேண்டும், வால்வைச் சட்டென்று திறக்கக் கூடாது. டையின் உள்சுவரில் ஸ்டியரிக் அமிலம் லேசாகத் தடவுங்கள். இன்னொன்று, சுருங்குகிற பொருள் தரையில் ஒட்டிக்கொண்டால் கிழியும். தூளின் மேல் வைத்தால் அதுவும் தீரும், அதைத் தம்பியும் சொல்லிவிட்டார்.

மூடியின் விளிம்பில் அதே தூளைக் குழைத்துப் பூசிச் சுடுங்கள். சூளையில் வாய் அடைக்கிற மாதிரிதான். மூடி சும்மா வைத்தால் இடுக்கு வழியாக எல்லாம் போய்விடும், போனது சும்மா போகாது, லித்தியம் ஆவி ஃபர்னஸின் உள்சுவரையும் தின்னும். சுடுகிற நடுவில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். தானாக ஆறட்டும். வந்ததும் அதே பெல்லட்டைத் திரும்பச் சுட்டு அளவு எடுத்தால் அந்த எண்ணை எதோடும் ஒப்பிட முடியாது, தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

ஓசூர்_பி_ஷிஃப்ட்:

நான் ஓசூரில் பேட்டரி பேக் டெஸ்டிங்கில் இருக்கிறேன், செராமிக் தெரியாது, ஆனால் செல் பக்கத்தில் இருந்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஓசூரில் டி.வி.எஸ்., ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா என்று நம் மாவட்டத்தைச் சுற்றி இவ்வளவு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வருகிறது, இன்றைக்கு ஓடுகிற லித்தியம் செல்லில் இருப்பது தீப்பிடிக்கக்கூடிய கரிமத் திரவம்தான். செராமிக் வந்தால் எவ்வளவு நல்லது என்று ஆசையாக இருக்கிறது, அதனால் கேட்கிறேன், எல்லாரும் கடத்துதிறனை மட்டும் பேசுகிறீர்கள், தடிமனை ஏன் யாரும் பேசவில்லை?

கணக்கு இப்படி. 10⁻⁴ கடத்துதிறன், 1 மி.மீ. தடிமன் என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 1000 ஓம். ஒரு மில்லி ஆம்பியர் போனாலே 1 வோல்ட் காணாமல் போகும். நாலு வோல்ட் செல்லில் கால் பங்கு சூடாகப் போனால் அந்த செல்லை யாரும் தொட மாட்டார்கள். அதே பொருள் 10⁻³ ஆகி, 50 மைக்ரான் தகடாக இருந்தால் 5 ஓம், 5 மில்லிவோல்ட்தான் போகும். இருநூறு மடங்கு முன்னேற்றம், அதில் இருபது மடங்கு தடிமனைக் குறைத்ததால் வந்தது, பத்து மடங்குதான் டோப்பன்ட் கொடுத்தது. எடையும் பாருங்கள். கார்னெட் ஒரு கன செ.மீ. 5 கிராமுக்கு மேல், 50 மைக்ரான் தகடு சதுர செ.மீ.க்கு 25 மில்லிகிராம் வரும். ஒரு சதுர செ.மீ.க்கு 4 மில்லி ஆம்பியர் மணி தருகிற நிக்கல் கேத்தோடில் செயல்படுகிற பொருளே 20 மில்லிகிராம்தான். அதாவது எலெக்ட்ரோலைட் கேத்தோடை விடக் கனம். வண்டியில் கனத்துக்குத்தான் விலை, அதனால் பெல்லட்டில் நல்ல எண் வந்த பிறகு டேப் காஸ்டிங்கில் (தூளைக் குழம்பாக்கி மெல்லிசாகப் பரப்பி உலர்த்துவது) மெல்லிய தகடு எடுக்கிற வழியை இப்போதே யோசித்து வையுங்கள்.

ஆய்வுக்கூட_மேசை:

நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். எனக்கு வேறு கருத்து. கிளவ் பாக்ஸ் இல்லாத இடத்தில் கார்னெட் ஒரு தண்டனை. இதே நேரத்தை எல்.ஏ.டி.பி.யில் செலவிட்டால் (லித்தியம், அலுமினியம், டைட்டானியம் பாஸ்பேட், நாசிகான் அமைப்பு) இந்த மாணவி இந்நேரம் கட்டுரை எழுதியிருப்பார். 900 டிகிரியை ஒட்டியே வெந்துவிடும், காற்றிலும் தண்ணீரிலும் நிற்கும், மணிக்குள் கடத்துதிறன் 10⁻³ அளவு வரை போகிறது. எம்.எஸ்சி. மாணவர்களுக்கு நான் அதைத்தான் கொடுக்கிறேன், ஐந்து மாதத்தில் முடித்துவிடுகிறார்கள். அதிக செலவில்லாத, மெதுவாகச் செய்யக்கூடிய, மறுபடி மறுபடி அதே எண் வருகிற பொருள் ஒன்று கையில் இருப்பது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பெரிய பலம்.

பாலக்கோடு_காரைக்குடி:

மேடம், எம்.எஸ்சி.க்கு எல்.ஏ.டி.பி. என்பதில் நான் உங்கள் பக்கம். ஆனால் இவர் முனைவர் பட்டம், தலைப்பில் லித்தியம் உலோகம் இருந்தால் எல்.ஏ.டி.பி. கை கொடுக்காது. லித்தியம் உலோகம் பட்டவுடன் அதில் இருக்கிற டைட்டானியம் ஒடுக்கப்பட்டு, எலெக்ட்ரான் கடத்துகிற படலம் உருவாகி, உள்ளே உள்ளே தின்றுகொண்டு போகும். நடுவில் பாலிமரோ வேறு படலமோ வைக்க வேண்டும். கார்னெட் லித்தியத்துக்கு முன்னால் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது, அந்த ஒரு குணத்துக்காகத்தான் இத்தனை பாடு படுகிறோம்.

அதே சமயம் மேடம் சொன்ன காற்றுப் பிரச்சினை உண்மை, நான் முதல் பதிலில் விட்டுவிட்டேன். சுட்டு எடுத்த பெல்லட்டை மேசை மேல் விட்டால் ஈரமும் கார்பன் டையாக்சைடும் சேர்ந்து மேல்பரப்பில் லித்தியம் கார்பனேட் தோல் போர்த்திவிடும். உருகிய லித்தியத்தை அதன் மேல் வைத்தால் சேம்பு இலையில் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும், ஒட்டாது. ஒட்டாத இடத்தில் மின்னோட்டம் போகாது, போகிற நாலு புள்ளியில் குவியும், அங்கேதான் டெண்ட்ரைட் (வேர் மாதிரி வளர்கிற லித்தியம் இழை) முளைக்கும். செராமிக் கெட்டியானது, லித்தியம் மெழுகு மாதிரி மென்மையானது, எப்படித் துளைக்கும் என்று எல்லாரும் நம்பினோம். கார்னெட்டின் ஷியர் மாடுலஸ் (பக்கவாட்டு விசைக்கு வளையாமல் நிற்கிற விறைப்பு) 60 கிகாபாஸ்கல் அளவு, லித்தியம் 4-ஐ ஒட்டித்தான். ஆனாலும் மணி எல்லைகள் வழியாக லித்தியம் வலை மாதிரி ஊடுருவிப் போவதை 2017-இல் நுண்ணோக்கியிலேயே காட்டிவிட்டார்கள். அதனால் அடர்த்தி என்பது கடத்துதிறனுக்கு மட்டும் இல்லை, ஓட்டை உள்ள பெல்லட் லித்தியத்துக்குத் திறந்து வைத்த வழி.

அதே 2017-இல் அணு அடுக்குப் படிவு முறையில் மிக மெல்லிய அலுமினா பூசி, இடைமுக எதிர்ப்பை ஒரு சதுர செ.மீ.க்கு 1710 ஓமில் இருந்து 1 ஓமுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கருவி உங்களுக்கும் இல்லை, எனக்கும் எளிதில் கிடைக்காது. ஆனால் 2018-இல் ஒரு குழு பென்சிலால் கார்னெட்டின் மேல் கிராஃபைட் தேய்த்து, அதன் மேல் லித்தியத்தை ஒட்டவைத்தது. சாதாரணப் பென்சில். எனக்குப் பிடித்த வேலை அது. தண்ணீர் இல்லாமல் உலர்ந்த சிலிக்கான் கார்பைடு தாளில் தேய்த்து, ஆர்கானில் 400, 500 டிகிரியில் கொஞ்ச நேரம் சுட்டு கார்பனேட்டை விரட்டிய பிறகு இதைச் செய்து பாருங்கள். லித்தியம் உலோகத்தோடு வேலை செய்கிற பகுதியை மட்டும் கிளவ் பாக்ஸ் உள்ள இடத்தில் இரண்டு நாள் கேட்டு வாங்கிச் செய்யலாம், கல்லூரியில் வெறும் மேசையில் முயற்சி செய்யாதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீரும் கூடாது, கார்பன் டையாக்சைடு சிலிண்டரும் கூடாது, பக்கத்தில் உலர்ந்த கிராஃபைட் தூள் மாதிரி உலோகத் தீக்கான தூள் இருக்க வேண்டும்.

ஓசூர் நண்பருக்கு: தடிமன் கணக்கு முழுக்கச் சரி, நாங்கள் பேசாதது தவறுதான். மெல்லிய தகட்டுக்கு லித்தியம் இழப்பு இன்னும் பெரிய தலைவலி. பெல்லட்டில் மேல்தோல் 20 மைக்ரான் கெட்டால் தேய்த்து எடுத்துவிடலாம், 50 மைக்ரான் தகட்டில் இரண்டு பக்கமும் 20 போனால் என்ன மிஞ்சும்? 2020-இல் சில விநாடிகளிலேயே சுட்டு முடிக்கிற முறை வந்தது, கார்பன் தகடுகளுக்கு நடுவே வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள், லித்தியத்துக்கு ஓட நேரமே இருக்காது. தகட்டுக்கு அந்த வழிதான் போகும் என்று நினைக்கிறேன்.

அதியமான்கோட்டை:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லாருக்கும் நன்றி. முதலில் லாந்தனம். பாட்டில் திறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. 10 கிராம் எடுத்து 900-இல் சுட்டேன், 8.9 கிராம்தான் திரும்பி வந்தது. தராசின் முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் அண்ணா. பழைய எக்ஸ்.ஆர்.டி. பதினெட்டையும் எடுத்துப் பார்த்தேன், ஒன்றில்கூட லாந்தனம் ஆக்சைடு பீக் இல்லை, எல்லாவற்றிலும் பைரோகுளோர் மட்டும், நீங்கள் சொன்ன மாதிரியே.

சூளகிரி ஐயா, எங்கள் தெருப் பத்தர் கடுகை விடச் சின்னதாகக் கொஞ்சம் கொடுத்தார், எதற்கு என்று கேட்டுவிட்டு அவரும் ஆர்வமாகிவிட்டார், தினமும் உருகியதா என்று விசாரித்தார். டிஸ்ப்ளே 1100 காட்டும்போதுதான் உருண்டையானது. அப்படியென்றால் நான் 1150 என்று நினைத்துச் சுட்டதெல்லாம் 1115-ஐ ஒட்டி. இப்போது 1185 வைக்கிறேன், ஃபர்னஸின் எல்லைக்குப் பக்கம்தான், அதனால் 4 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தவில்லை. பைண்டர் போடுவதில்லை, வால்வைச் சட்டென்று திறந்துகொண்டிருந்தேன், அதுதான் விரிசல். மெதுவாக இறக்கத் தொடங்கிய பிறகு பன்னிரண்டில் ஒன்றுதான் போனது.

சுட்ட லாந்தனம், இரண்டாவது பால் மில், தூள் படுக்கை, வாய் பூசிய மூடி எல்லாம் சேர்த்துச் செய்ததில் அடர்த்தி 91 சதவீதம். 28.6 பீக் போய்விட்டது. பெல்லட் லேசான தந்த நிறத்தில், நகம் பட்டால் ஓசை வருகிறது. 10.4 மி.மீ. விட்டம், 1.1 மி.மீ. தடிமனுக்கு 540 ஓம், அதாவது 2.4 × 10⁻⁴. டான்டலத்தை மாற்றவில்லை. ஆனால் மூன்று பேட்ச்சில் ஒன்று 1.1 × 10⁻⁴-இல் நிற்கிறது, அடர்த்தி அதே 91. அது ஏன் என்று புரியவில்லை. மேடம், எல்.ஏ.டி.பி.யும் ஒரு பேட்ச் போட்டு வைத்திருக்கிறேன், ஒப்பிட உதவும்.

பாலக்கோடு_காரைக்குடி:

540 ஓம் என்று பார்த்ததும் எனக்கே மனசு நிறைந்துவிட்டது. அந்த மூன்றாவது பேட்ச் எந்தக் குருசிபிள்? சுட்டு எத்தனை நாள் கழித்து அளந்தீர்கள்?

அதியமான்கோட்டை:

மூன்றும் அலுமினாதான், ஆனால் அது மட்டும் புதிய குருசிபிள். மற்ற இரண்டும் நாலைந்து முறை சுட்ட பழையது. இரண்டு நாளில் அளந்துவிட்டேன்.

பாலக்கோடு_காரைக்குடி:

அப்போது அலுமினியமாக இருக்கலாம். பழைய குருசிபிளின் உள்தோல் ஏற்கெனவே லித்தியம் குடித்து அடங்கியிருக்கும், புதியது உங்கள் தூள் படுக்கையில் இருந்து இழுத்துக்கொண்டு பதிலுக்கு அலுமினியத்தைக் கொடுத்திருக்கும். ஊகத்தை நம்பி எழுதிவிடாதீர்கள், அந்தப் பெல்லட்டை உடைத்து, உடைந்த முகத்தை எஸ்.ஈ.எம்.மில் (எலெக்ட்ரான் நுண்ணோக்கி) பாருங்கள், அதோடு இருக்கிற ஈ.டி.எக்ஸ்.சில் (எந்தத் தனிமம் எங்கே என்று காட்டுவது) மணி எல்லையில் அலுமினியம் குவிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். பெங்களூர் பக்கம்தானே, ஒரு நாளில் போய் வரலாம். உடைத்த பிறகு காற்றில் விடாமல் ஆர்கான் பையில் கட்டி எடுத்துப் போங்கள்.

சூளை_சூளகிரி:

என்னிடம் மெக்னீசியா மூசை இரண்டு இருக்கிறது அம்மா, சின்னது, உங்கள் பெல்லட்டுக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குக் காவேரிப்பட்டினம் வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். முதல் முறை பயன்படுத்தும் முன் வெறுமனே ஒரு தடவை 1100 வரை சுட்டுவிடுங்கள், மெக்னீசியாவும் ஈரம் இழுக்கும், அப்படியே சூட்டில் ஏற்றினால் வெடிக்கும்.

அதியமான்கோட்டை:

ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்துவிடுகிறேன் ஐயா. பத்தருக்குத் தங்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், எடை போட்டுப் பார்த்தார், குறையவில்லை.